எடுப்பில்லாத உடுப்புக்கு ஏன் இவ்வளவு மவுசு?

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகளுக்குப் பதினைந்து வயது. தோள் தையல் முழங்கைக்குக் கிட்ட விழுகிற ரீசேர்ட், நிலத்தைக் கூட்டுகிற அகலக் களிசான், பெட்டி மாதிரி சப்பாத்து. மத்திய வீதியில் எந்தக் கடைக்குப் போனாலும் இதுதான் தொங்குகிறது. உடம்புக்குக் கொஞ்சமும் எடுப்பில்லாத உடுப்பு எப்படி ஃபஷன் ஆகிறது? காசு இருக்கிறவர்களும் இதைத்தானே போடுகிறார்கள்? சொல்லித் திருத்துவதா, விட்டுவிடுவதா?"

தங்கச்சி, நான் பல வருடம் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வெட்டுப் பகுதியில் வேலை செய்தவள். இப்போது உவர்மலையில் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கிறேன். இந்தக் கேள்வி வந்தால் "இந்தக் காலத்துப் பிள்ளைகளின் ரசனை கெட்டுப் போச்சு" என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ரசனை மாறியது உண்மைதான். ஆனால் அது பிந்தித்தான் மாறியது. முதலில் மாறியது தைக்கிற முறையும் விற்கிற முறையும். அதனால் வெட்டு மேசையில் இருந்தே தொடங்குகிறேன்.

ஒரு சேர்ட்டையோ சட்டையையோ ஒருவருடைய உடம்புக்கு எடுப்பாகத் தைப்பதில் கஷ்டமான இடங்கள் தோள், கைக்குழி, இடுப்பு. தோள் எலும்பு முடிகிற இடத்தில் தோள் தையல் நிற்க வேண்டும். அரை அங்குலம் பிசகினாலும் கண்ணுக்குத் தெரியும். கைத்துணியின் மேல்வளைவு கைக்குழியின் சுற்றை விடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதலைச் சுருக்கம் தெரியாமல் உள்ளே அடக்கித் தைக்க வேண்டும். புதிதாகப் பழகுகிற பிள்ளைகள் அழுகிற இடம் அதுதான். இடுப்புக்கு டாட், அதாவது துணியை உள்ளே கூராக மடித்துத் தைக்கிற மடிப்பு, பிடிக்க வேண்டும், அது மார்பின் உயரத்தோடு பொருந்த வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் நேரம் வேண்டும், கை பழகிய ஆள் வேண்டும். தொழிற்சாலைக் கணக்கில் நேரம் என்றால் காசு.

தோளை இறக்கிவிட்டால் என்ன நடக்கிறது? கைத்துணியின் மேல்வளைவு கிட்டத்தட்ட நேர்கோடாகிவிடும். உடுப்பைத் தட்டையாகப் போட்டுக் கையைப் பொருத்தலாம். பிறகு கையின் அடியில் இருந்து விலா வழியாகக் கீழ்விளிம்பு வரை ஒரே ஓட்டமாக ஓவர்லொக் மெசினில் விளிம்பைச் சேர்த்து அடித்துவிடலாம். டாட் இல்லை, சிப் இல்லை, பொத்தான் இல்லை. போடுகிறவருடைய தோள் எங்கே முடிகிறது என்ற கேள்வியே எழாது.

அளவு விஷயத்திலும் இதே கதைதான். சேலைச் சட்டை தைக்கக் கொடுக்கும்போது மார்பு, இடுப்பு, கழுத்து, கை, முதுகு என்று எத்தனை அளவு எடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அக்காவின் சட்டை தங்கைக்குச் சரிவராது. பெரிய ரீசேர்ட்டில் எல் அளவு ஒன்றை மூன்று விதமான உடம்புக்காரர்கள் போடலாம், ஆணும் போடலாம் பெண்ணும் போடலாம். கடைக்காரர் குறைந்த அளவுகளை வைத்துக்கொண்டு கூடுதலான ஆட்களுக்கு விற்கலாம். இணையத்தில் விற்கிறவர்களுக்கு இது இன்னும் பெரிய உதவி. வாங்கிய உடுப்பைத் திருப்பி அனுப்புகிறவர்கள் அதிகம் சொல்கிற காரணம் அளவு சரியில்லை என்பதுதான். ஆரம்பத்திலேயே தொளதொளவென்று இருக்கும்படி வெட்டிய உடுப்பில் "அளவு சரியில்லை" என்று யார் சொல்ல முடியும்?

இலங்கையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது, 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. அப்போதிருந்து இங்கே தைக்கிற உடுப்பில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. அதில் மிஞ்சுவதும் சின்னக் குறையோடு கழிபடுவதும் உள்ளூர்க் கடைகளுக்கு வரும். அவை அந்த நாட்டு ஆட்களின் தோளுக்கும் நெஞ்சுக்கும் வெட்டியவை. அவர்களுக்கே தளர்வாக இருக்கட்டும் என்று வெட்டிய உடுப்பு நம்முடைய பிள்ளை போட்டால் இரண்டு மடங்கு தளர்வாகத்தான் நிற்கும். 2022இல் நெருக்கடி வந்து டொலர் இருநூறு ரூபாவில் இருந்து முந்நூற்றறுபதுக்குப் போனபோது துணி விலையும் நூல் விலையும் ஏறின. நாம் பயன்படுத்துகிற துணியில் பெரும்பகுதி இறக்குமதிதானே. துணி எடுத்து, அளவு கொடுத்துத் தைப்பிப்பது பல வீடுகளில் அந்த வருடத்தோடு குறைந்துபோனது. அண்ணனும் தங்கையும் மாறி மாறிப் போடக்கூடிய ஒரு ரீசேர்ட் வாங்குவதுதான் கட்டுப்படியானது.

சரி, மலிவு என்பது மட்டும் ஒன்றை ஃபஷன் ஆக்காது. மலிவான உடுப்பு எல்லாக் காலத்திலும் இருந்தது, பணக்காரர் அதைத் தொட்டதில்லை. நீங்கள் கேட்ட இரண்டாவது விஷயம் அதுதான்: காசு இருக்கிறவர்கள் ஏன் இதைப் போடுகிறார்கள்?

ஜேர்மன் சமூகவியலாளர் ஜோர்ஜ் சிம்மல் 1904இல் எழுதியது இதற்கு இன்றைக்கும் பொருந்துகிறது. மேல்தட்டு ஒன்றை உடுத்தும், மற்றவர்கள் அதைப் பார்த்து உடுத்துவார்கள், எல்லோரிடமும் வந்த பிறகு மேல்தட்டு அதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போகும். இதை நமது டெனிம் கதையோடு வைத்துப் பாருங்கள். இழுபடுகிற லைக்ரா நூல் 1958இல் அமெரிக்காவின் டூபோன்ட் நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பிற்காலத்தில் அந்த வகை நூலைப் பருத்தியோடு கொஞ்சம் கலந்து டெனிம் நெய்தார்கள். உடம்போடு ஒட்டுகிற களிசானுக்கு அதன் பிறகு நல்ல தையற்காரர் தேவைப்படவில்லை, துணியே உடம்பின் வளைவுக்கு ஏற்ப நீளும். 2000இல் இருந்து 2007 வரை பாரிஸில் டியோர் நிறுவனத்தின் ஆண் உடைகளை வடிவமைத்த எடி ஸ்லிமான் ஒல்லிக் களிசானையும் ஒடுங்கிய கோட்டையும் பெரிய மோகமாக்கினார். சில வருடங்களில் அதே ஒல்லி டெனிம் திருமலை நடைபாதையிலும் குவிந்து கிடந்தது. உடம்புக்கு எடுப்பாக உடுத்துவது எல்லோருக்கும் எட்டியது. எட்டியதும், அதை வைத்து நான் வேறு நீ வேறு என்று காட்ட முடியாமல் போனது.

அப்போது மேலே இருக்கிறவர்கள் எங்கே போவார்கள்? மற்றவர்கள் துணிந்து வராத இடத்துக்கு. 2017இல் பலென்சியாகா என்ற உடை நிறுவனத்தில் டெம்னா என்ற வடிவமைப்பாளர் அடிப்பாகம் அடுக்கடுக்காகத் தடித்த சப்பாத்து ஒன்றைக் கொண்டுவந்தார். உங்கள் மகள் போடுகிற சப்பாத்தின் மூதாதை அதுதான். நடுவயது அப்பா காலை நடைக்குப் போடுகிறது போல இருந்த அந்தச் சப்பாத்தைப் பல நூறு டொலர் கொடுத்து வாங்கினார்கள். அதே வருடம் மருத்துவமனை ஊழியர்களும் தோட்டவேலை செய்கிறவர்களும் போடுகிற க்ரொக்ஸ் செருப்பையும் உயரமான அடிப்பாகம் வைத்து மேடையில் ஏற்றினார். அழகான சப்பாத்தைக் காசு சேர்த்து யாரும் வாங்கலாம். அவலட்சணமானதைப் போட்டுக்கொண்டு "இவருக்கு விஷயம் தெரியும்" என்ற மதிப்பையும் பெறுவதற்கு வேறு ஏதோ ஒன்று கையில் இருக்க வேண்டும்: பேர், பதவி, ஆள்பழக்கம். 2012இல் ஃபேஸ்புக் பங்குகளை விற்க முதலீட்டாளர்களைச் சந்திக்கப் போனபோது அதன் தலைவர் மார்க் சக்கர்பேர்க் ஹூடி, அதாவது தலைமூடி வைத்த தளர்ந்த மேற்சட்டை, அணிந்துதான் போனார். திருமலையில் வங்கி ஒன்றில் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிற பிள்ளை அப்படிப் போனால் வாசலிலேயே கதை முடிந்துவிடும். தளர்ந்த உடுப்பின் அதிகாரம் இதுதான். "என்னை யாரும் அளந்து பார்க்கிற நிலையில் நான் இல்லை" என்று அது சொல்கிறது. பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்கலாம், ஆனால் அந்த அலட்சியத்தின் கவர்ச்சி நன்றாகவே தெரியும்.

இது புதிதாக வந்த வியாதியும் இல்லை. நூறு வருடத்துக்கு முன்பு பிரெஞ்சு வடிவமைப்பாளர் கோகோ ஷனெல், அதுவரை ஆண்களின் உள்ளாடைக்குப் போன ஜேர்சித் துணியை எடுத்துப் பெண்களுக்கு இடுப்பில்லாத நேரான உடைகளைத் தைத்தார். 1947இல் கிறிஸ்டியன் டியோர் இடுப்பை மறுபடி இறுக்கினார். பத்து வருடம் கழித்து, 1957இல், பாரிஸில் கிறிஸ்டோபல் பலென்சியாகா இடுப்பே இல்லாத ஓர் உடையைக் காட்டினார். அதற்கு விழுந்த பெயரே சாக்கு உடை. பெண்ணின் உடம்பை மறைத்துவிட்டார் என்று பத்திரிகைகள் திட்டின. அறுபதுகளில் உலகமே போட்ட நேர்வெட்டுக் குட்டைச் சட்டை அந்தச் சாக்கின் வழியில் வந்ததுதான். 1981இல் ஜப்பானில் இருந்து பாரிஸுக்கு வந்த ரெய் கவாகுபோவும் யோஜி யமமோட்டோவும் கறுப்பு நிறத்தில், ஓட்டை விழுந்த, உடம்பின் வடிவத்தைக் காட்டாத உடைகளைக் கொண்டுவந்தபோதும் இதே ஏச்சு விழுந்தது. 1992இல் நியூயோர்க்கில் மார்க் ஜேக்கப்ஸ் பழைய உடுப்புக்கடைத் தோற்றத்தில் ஒரு தொகுப்பைக் காட்டினார். சிறிது காலத்தில் அவருடைய வேலையே போய்விட்டது. இன்றைக்கு அந்தத் தொகுப்பைத்தான் அவருடைய பெரிய சாதனைகளில் ஒன்றாகச் சொல்கிறார்கள்.

நம்முடைய ஊருக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1957 வரை திருகோணமலைத் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையிடம் இருந்தது. அந்த மாலுமிகள் போட்டது அடி அகன்ற களிசான். கப்பல் தளத்தில் வேலை செய்கிறவனுடைய உடுப்பு அது, அதில் அழகு பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. பிறகு எழுபதுகளில் அதே வடிவம் பெல்பொட்டமாக வந்தபோது நம்முடைய அப்பாமார், மாமாமார் அதைத் தைப்பித்துப் போட்டுக்கொண்டு படம் எடுத்தார்கள். அந்தப் படங்கள் உங்கள் வீட்டு அல்பத்திலும் இருக்கும். மகளுக்கு எடுத்துக் காட்டுங்கள்.

கண் பழகுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1937இல் ஜேம்ஸ் லேவர் என்ற ஆங்கிலேய உடை வரலாற்றாசிரியர் ஓர் அட்டவணை போட்டார். ஒரு பாணி வருவதற்குப் பத்து வருடம் முன்பு போட்டால் அசிங்கம், அதன் காலத்தில் போட்டால் நேர்த்தி, பத்து வருடம் பிந்திப் போட்டால் அருவருப்பு, நூறு வருடம் கழித்துப் பார்த்தால் காதல் கதை போல இனிமை. 1968இல் ரொபர்ட் சயன்ஸ் என்ற உளவியலாளர், ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதே அதை விரும்ப வைக்கிறது என்று பரிசோதித்துக் காட்டினார். முன்பு மாதத்துக்கு ஒரு சஞ்சிகை பார்த்தோம். இப்போது பிள்ளையின் கைபேசியில் ஒரே வெட்டு ஒரே நாளில் எத்தனை தரம் ஓடுகிறது! நிலாவெளிப் பக்கம் மே மாதத்தில் இருந்து செப்டெம்பர் வரை வெளிநாட்டுக்காரர் போட்டுத் திரிகிற யானைப் படக் களிசானையே எடுங்கள். இரவு உடுப்போடு வீதியில் போகிறார்கள் என்று முதலில் முகம் சுளித்தோம். இப்போது நம்முடைய பெண்கள் வீட்டுக்கு வாங்குகிறார்கள்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கும் எனக்கும் இந்த உடுப்பைப் பார்த்தால் ஏன் மனம் உறுத்துகிறது, மகளுக்கு ஏன் உறுத்தவில்லை?

நம்முடைய தலைமுறை மற்றவருடைய அளவில் உடுத்தி வளர்ந்தது. போரில் இடம்பெயர்ந்தபோதும், 2004 டிசம்பரில் கடல் வந்த பிறகும், 2006இல் மூதூரில் இருந்து சனம் ஓடியபோதும் நிவாரணமாக வந்த மூட்டைகளில் இருந்தது யாரோ ஒருவருடைய தோளுக்கு வெட்டிய உடுப்பு. வளர்கிற பிள்ளை என்று பள்ளிக்கூடச் சீருடையையும் பெரிதாகத் தைப்பித்தார்கள். நம்முடைய அளவுக்கு, நம்மை நிற்க வைத்து, நாடா பிடித்து அளந்து தைத்த ஒரு சட்டை கிடைத்த நாள் பெருநாள். நமக்குப் பொருந்துகிற உடுப்பு என்பது நம்மை யாரோ கணக்கில் எடுத்தார்கள் என்பதற்கு அடையாளம். அதனால் நம்முடைய பிள்ளை காசு கொடுத்து, விரும்பி, பெரிய உடுப்பை வாங்கிப் போடும்போது நமக்கு வலிக்கிறது. அந்த வலியில் எந்தப் பிழையும் இல்லை. (மேலே சொன்ன டெம்னாவும் அப்காசியாவில் பிறந்து, அங்கே நடந்த போரில் குடும்பத்தோடு வெளியேறியவர்.)

மகளுக்கு அந்த நினைவு இல்லை. அவளுக்கு இருப்பது வேறு நெருக்கடி. பதினைந்து வயதில் உடம்பு மாறுகிறது. பஸ்ஸில், ரியூஷன் விட்டு வருகிற வீதியில், கடற்கரையில் அவளைக் கண்கள் அளக்கின்றன. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர் "மெலிஞ்சிட்டாய், கொழுத்திட்டாய்" என்று வாசலிலேயே சொல்கிறார்கள். கைபேசியில் எல்லோருடைய படமும் கிடக்கிறது. பில்லி ஐலிஷ் என்ற அமெரிக்கப் பாடகி 2019இல், பதினேழு வயதில், தான் பெரிய உடுப்புகளைப் போடுவதற்குச் சொன்ன காரணமும் இதுதான்: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் என் உடம்பைப் பற்றி யாரும் அபிப்பிராயம் சொல்ல முடியாது. எனது வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் அந்தப் பாடகியைக் கேட்டிருக்கிறார்களோ தெரியாது, ஆனால் "ரீச்சர், ரெண்டு அங்குலம் கூட்டி வெட்டுங்கோ" என்று கேட்கும்போது அவர்கள் சொல்வதும் அதுதான். நான் கூட்டித்தான் வெட்டுகிறேன். எடுப்பு என்ற சொல்லில் பார்க்கிறவருடைய கண்ணும் சேர்ந்திருக்கிறது. பார்க்க வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதைக் கேட்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, பிள்ளைகள் ஒட்டுகிற டெனிம் போடுகிறார்கள் என்று இதே ஊரில் எவ்வளவு ஏச்சு விழுந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, தளர்ந்த உடுப்பு இந்த மண்ணுக்கு அந்நியமும் இல்லை. சாரம், சேலை, வீட்டுச் சட்டை எல்லாம் தளர்வானவைதான். ஆனி, ஆடி மாதத்து வெயிலில் உடம்புக்கும் துணிக்கும் இடையில் காற்று போய்வந்தால்தான் வியர்வை உலரும். ஆனால் இங்கேதான் நான் இந்த ஃபஷனோடு சண்டை பிடிக்கிறேன். குளிர் நாட்டில் ஓடுகிற தடித்த துணியை அப்படியே கொண்டுவந்து இங்கே விற்கிறார்கள். சாதாரண ரீசேர்ட் துணி சதுர மீற்றருக்கு 150இல் இருந்து 180 கிராம் வரை இருக்கும். இந்தப் பெரிய ரீசேர்ட்டுகளில் பல 220ஐத் தாண்டுகின்றன. மலிவானவற்றில் பொலியெஸ்டர் கலந்திருக்கும். அகலமாக வெட்டியும் காற்று போகாது, வியர்வையும் ஊறாது. பிள்ளைக்கு அக்குளிலும் முதுகிலும் வேர்க்குரு போடும்.

வெட்டும் அப்படித்தான். யமமோட்டோவின் தளர்ந்த கோட் நன்றாகக் கணக்குப் பார்த்து வெட்டியது. எங்கே தொங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். நம்முடைய கடைகளில் வருவதில் பாதி, சாதாரண வெட்டை எல்லாப் பக்கமும் பெருப்பித்தது. அதில் கழுத்தும் சேர்ந்து பெருத்துவிடும், குனிந்தால் உள்ளே தெரியும். மறைவுக்கென்று பிள்ளை போட்ட உடுப்பு அவளைக் காட்டிக்கொடுக்கும். உங்கள் மகளுக்கு நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டிய விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். பெரியது போடாதே என்று சொன்னால் அவள் கேட்கப் போவதில்லை. பெரியதில் நல்லது எது என்று பார்க்கப் பழக்கினால் கேட்பாள்.

கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ரீசேர்ட்டில் முதலில் கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்து விடச் சொல்லுங்கள். அது உடனே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். தோள் எவ்வளவு இறங்கினாலும் கழுத்து அவளுடைய கழுத்தோடு நிற்க வேண்டும். கையைத் தூக்கச் சொல்லுங்கள். கீழ்விளிம்பு முழுக்க மேலே ஏறினால் கைக்குழி பிழை. துணியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள், பருத்தியா என்று துண்டுச்சீட்டில் வாசியுங்கள். களிசானில் தொடைச் சந்தி முழங்காலுக்குக் கிட்ட வந்தால் வேண்டாம். அதோடு ஓட்டோவில் ஏற முடியாது, பஸ் படியில் தடக்கும்.

விசேஷங்களுக்கு மட்டும் ஒரு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். கோவிலுக்கும் கல்யாணவீட்டுக்கும் அவள் அளவுக்குத் தைத்த ஒரு உடுப்பு இருக்கட்டும், அதன் துணியையும் வெட்டையும் அவளே தெரிவுசெய்யட்டும். நாடா பிடித்து அளக்கும்போது அளவை வாய்விட்டுச் சொல்ல வேண்டாம் என்று தையற்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எழுதிக்கொண்டால் போதும். பல பிள்ளைகள் தைப்பிக்கப் போகாமல் இருப்பதற்கு அந்தச் சத்தமும் ஒரு காரணம்.

அப்புறம், அந்த நிலம் கூட்டுகிற களிசானின் அடியை இந்தக் கிழமையே மடித்துத் தையுங்கள். மகள் சைக்கிளில் ரியூஷனுக்குப் போகிறவள் என்றால் அகன்ற அடி செயினில் சிக்கும், அது விளையாட்டான விஷயம் இல்லை. குதிக்காலில் இருந்து ஒரு அங்குலம் மேலே நின்றால் அகலமும் குறையாது, அவளும் சம்மதிப்பாள். வெட்டிவிடாதீர்கள், உள்ளே மடித்துக் கையால் நூல் ஓடுங்கள். இந்த வயதில் பிள்ளைகள் சட்டென்று வளர்ந்துவிடுவார்கள், அடுத்த வருடம் அவிழ்த்து இறக்கிவிடலாம்.